தோட்டத்துக் கித்தாரும் இடக்கைக் கட்டைவிரலும்

சிலப்பதிகார வேனிற்காதையில், கோவலனைப் பிரிந்த மாதவி வேனிற்பள்ளியில் ஏறி அமர்ந்து யாழைக் கையில் எடுக்கிறாள். அவ்வேளை அவளுடைய இரு கைகளும் எங்கெங்கே இருந்தன என்பதை இளங்கோவடிகள், பயிற்சி மிக்க ஆசிரியர் ஒருவர் மாணவனுக்குக் காட்டுவதுபோல் சொல்லிச் செல்கிறார். வலக்கை பதாகை வடிவில் கோட்டைச் சார்ந்திருந்தது. இடக்கையின் நான்கு விரல்கள் மாடகத்தைத் தழுவியிருந்தன. எஞ்சிய கட்டைவிரல் எங்கே இருந்தது என்பது பற்றி அடிகள் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. யாழ், நரம்பைப் பலகையோடு சேர்த்து அழுத்தி வாசிக்கும் கருவியன்று. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நரம்பு என்றிருந்த அக்கருவியில் இடக்கைக் கட்டைவிரலுக்குத் தனிக்கடமை இல்லை. கழுத்தும் மெட்டும் உடைய கருவிகள் தோன்றிய பின்னரே, நான்கு விரல்கள் முன்னே அழுத்த, ஐந்தாம் விரல் பின்னே எங்கே நிற்பது என்ற கேள்வி பிறந்தது.

அக்கேள்வி நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் எவ்வாறு வந்து நின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். கித்தார் வாசிப்பவரின் கட்டைவிரல் கழுத்தின் முதுகில் இருக்கவேண்டுமா, கழுத்தின்மேல் எட்டிப் பார்க்கலாமா என்பதெல்லாம் ஒரு வரலாறா என்று சிரிப்பவர்கள் இருக்கலாம். தோட்டத் தமிழரின் கட்டைவிரலுக்கு வரலாறு உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சம்பளப் புத்தகத்தில் மை தோய்த்து ஊன்றியது அவ்விரலைத்தான். 1948ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தின்கீழ் அடையாளக் கார்டு வந்தபோது, நிழற்படத்தோடு அதில் பதிந்ததும் அவ்விரலின் ரேகைதான். ஏகலைவன் இழந்தது வலக்கைக் கட்டைவிரல். நம் கதை இடக்கையைப் பற்றியது.

கித்தார் நம் தீபகற்பத்துக்குப் புதியதன்று. 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துக்கீசியர் தங்கள் நரம்புக் கருவிகளையும் கொண்டுவந்தனர். 1641இல் அவர்களுடைய ஆட்சி ஒல்லாந்தரிடம் போயிற்று, பாட்டு போகவில்லை. மலாக்காவின் கிறிஸ்தாங் மக்களிடம் அது தங்கிற்று. பத்தாவியாவுக்கு அருகே தூகூ என்னும் ஊரில் குடியேறிய போர்த்துக்கீசிய வழியினரிடம் தழைத்தது, பின்னர் குரோஞ்சோங் என்னும் இசையாகத் தீவுகளெங்கும் பரவியது. பங்சவான் நாடக மேடையும் பின்னாளில் மலாய்த் திரைப்படமும் அவ்விசையைக் கம்பங்களுக்குக் கொண்டுசென்றன. மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் இடையே இருப்பது ஓர் எல்லைக்கோடு மட்டுமே. தம்பினில் பஸ் ஏறியவன் வெயில் ஏறுமுன் மலாக்காக் கடைத்தெருவில் இறங்கிவிடலாம். ஆயினும் தோட்டத்துக்குள் கித்தார் நுழைய மிகுந்த காலம் பிடித்தது. தோட்டத்தில் தப்பும் உறுமியும் இருந்தன. கோயிலில் பஜனைக்கு ஆர்மோனியமும் ஜால்ராவும் இருந்தன. திருவிழா நாடகத்துக்கு மிருதங்கமோ தபேலாவோ வெளியிலிருந்து வரும். கித்தாரோ கம்பத்துக் கருவியாகவும் சட்டைக்காரர் கருவியாகவும் கருதப்பட்டு, வேலிக்கு அப்பால் நின்றது.

வேலியைத் தாண்டவைத்தது 1960களின் அலை. 1961இல் இங்கிலாந்தின் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவினரும் சிங்கப்பூர் வந்து இசை நிகழ்த்தினர். மூன்று கித்தார், ஒரு முரசுத்தொகுதி. அவ்வளவே அக்குழுவின் கருவிகள். அடுத்த சில ஆண்டுகளில் சிங்கப்பூரிலிருந்து பினாங்குவரை மலாய் இளைஞர் குழுக்கள் புற்றீசல்போல் கிளம்பின. ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’, அதாவது விறுவிறுப்பான கித்தார்க் குழு, என்பதைச் சுருக்கி அவற்றைக் ‘கூகிரான்’ என்றார்கள். அவ்விசைக்குப் ‘பாப் யே யே’ என்று பெயர் வந்தது. பினாங்கில் ஆறுமுகம் சகோதரர்களான டேவிட்டும் லோகநாதனும் அமைத்த அல்லிகேட்ஸ் குழு பின்னாளில் மலாய்ப் பாட்டுலகின் முன்னணியில் நின்றதை நாடறியும். ஒரு தமிழ்ப் பெயர் அவ்வுலகில் ஒலித்தது பல தோட்டத்து இளைஞருக்கு ஊக்கமாயிற்று. லோகநாதன் 2007இல் மறைந்தார்.

தோட்டத்துக்கு வந்தவை ஷேடோஸ் குழுவின் மின்கித்தார்கள் அல்ல. சீனாவில் செய்யப்பட்ட ‘காப்போக்’ முத்திரைக் கித்தாரே பின்னாளில் எங்கும் புழங்கியது. காப்போக் என்றால் இலவம்பஞ்சு. மலாய்மொழியில் மலிவான மரக்கித்தார் எதற்கும் ‘கித்தார் காப்போக்’ என்பது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. எஃகுக் கம்பிகள், ஒடுங்கிய கழுத்து. மழையும் வெயிலும் மாறிமாறி அடிக்கும் தகரக் கூரை வீட்டில் மாட்டிவைத்தால் சில மாதங்களில் கழுத்து வளையும். கழுத்து வளைந்தால் கம்பி மெட்டிலிருந்து உயர்ந்து நிற்கும். அதனை அழுத்த விரலுக்கு இரட்டை வலிமை வேண்டும். இக்கருவிக் குறையை வாசகர் நினைவில் வைத்திருக்கவேண்டும். பின்னால் கட்டைவிரலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது இதுவும் சாட்சி.

மற்றொரு சாட்சி அக்கருவியைப் பிடித்த கை.

1876இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவுக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொத்திச் சிதைக்காமல், ஒரே வெட்டின் விளிம்பை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டார். இன்றும் அதுவே முறை. வெட்டு மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாகச் சரியும். பட்டைக்குள் பால்நாளங்கள் எதிர்த்திசையில் சற்றே சாய்ந்து செல்வதால், அவ்வாறு சரித்து வெட்டினால் மிகுதியான நாளங்கள் திறக்கும். சீவல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டினால் பட்டை வீண். ஆழம் ஒரு மயிரிழை கூடினால் கத்தி மரத்தின் உயிர்ப்படலத்தில் பட்டுக் காயமாகும். காயம் ஆறும் இடத்தில் மரம் முடிச்சிடும். அடுத்த முறை அவ்விடத்தில் கத்தி ஓடாது. தண்டலின் ஏச்சும் கிராணியின் குறிப்பும் தனி.

இவ்வேலையை விடியலிருட்டில் தொடங்கி ஏறக்குறைய ஐந்நூறு மரங்களில் செய்யும் கையை எண்ணிப் பாருங்கள். முதலில் இடக்கைக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் வெட்டில் காய்ந்து கிடக்கும் கோட்டுப்பாலைக் கிள்ளி உரிக்கும். பிறகு வலக்கை கத்தியை இழுக்க, இடக்கை அதன் போக்கைத் தாங்கும். மறுபடி மங்கைத் திருப்பி வைக்கும். பின்னர் வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தூக்கும்போது அதே கை கயிற்றைப் பற்றும். கட்டைவிரலின் அடிச்சதை திரண்டு கல்லாக இருக்கும் கைகள் அவை. அதே நேரத்தில் மயிரிழை ஆழத்தை உணரும் நுட்பமும் அவற்றுக்கு உண்டு. பால்மரம் சீவும் கை முரட்டுக் கை என்று எழுதும் கதாசிரியர்கள் ஒருநாள் நிரைக்குப் போய்ப் பார்க்கவேண்டும்.

மாலையில் அக்கை கித்தாரை எடுத்தது. உட்காரும் இடம் அஞ்சடி வாசல் அல்லது கோயில் திட்டு. கித்தாரின் உடல் வலத்தொடையில். கழுத்து தரைக்குக் கிடையாக இடப்பக்கம் நீளும். அதனைத் தாங்க வார் இல்லை, முக்காலி இல்லை. தாங்கவேண்டியது இடது உள்ளங்கையே. உள்ளங்கை கழுத்தின் அடியில் கிண்ணமாக அமர்ந்தால் கட்டைவிரல் தானாகவே மேலே எழுந்து, தடித்த ஆறாம் கம்பியின் பக்கம் எட்டிப் பார்க்கும். யாரும் கற்பித்து வந்த பழக்கமன்று இது. உட்காரும் முறையிலிருந்து பிறந்தது.

எட்டிப் பார்த்த விரல் சும்மா இருக்கவில்லை. கித்தார் தொடங்குவோரையெல்லாம் அழவைக்கும் எஃப் மேஜர் என்னும் கோர்டு ஒன்றுண்டு. நூல்முறையில் அதைப் பிடிக்கச் சுட்டுவிரலை முதல் மெட்டில் ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே கிடத்தி, அத்தனையையும் ஒரே விரலால் அழுத்தவேண்டும். உயர்ந்து நிற்கும் காப்போக் கம்பிகளில் அது தண்டனை. தோட்டத்து இளைஞர் என்ன செய்தனர்? கட்டைவிரலை மேலிருந்து வளைத்து ஆறாம் கம்பியை முதல் மெட்டில் அழுத்தினர். சுட்டுவிரலின் நுனி மெல்லிய இரண்டு கம்பிகளை மட்டும் கவனித்துக்கொண்டது. மற்ற மூன்று விரல்கள் இடையிலுள்ள மூன்று கம்பிகளுக்கு. ஐந்து விரலுக்கும் வேலை. எவ்விரலுக்கும் மிகை இல்லை. டி மேஜர் பிடிக்கும்போது கட்டைவிரல் இரண்டாம் மெட்டில் ஆறாம் கம்பியைத் தொட்டால் கீழ்ச்சுரம் ஒன்று கூடி, பாட்டுக்கு அடித்தளம் அமைந்தது. வேண்டாத வேளைகளில் அக்கம்பியை மெல்லத் தொட்டு ஊமையாக்கும் பணியையும் அவ்விரலே செய்தது.

இவ்விரல் குறித்து ஐரோப்பாவில் ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வழக்கு நடந்திருக்கிறது என்பதை நம் இளைஞர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வழக்கு நடந்த இடம் பாரிஸ் நகரம். வாதிகள் இருவரும் பிறநாட்டார். ஒருவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தவரான ஃபெர்தினாந்தோ கருல்லி (1770–1841). மற்றவர் ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனாவில் பிறந்த ஃபெர்னாந்தோ சோர் (1778–1839). 1800ஐ ஒட்டி, இரட்டைக் கம்பிகள் கொண்ட பழைய கித்தார் மறைந்து, ஆறு ஒற்றைக் கம்பிகள் கொண்ட கித்தார் நிலைபெற்றிருந்தது. அதன் கழுத்து இன்றைய செவ்வியல் கித்தாரின் கழுத்தைவிட ஒடுங்கியது.

பாரிசில் பெரும்புகழ் பெற்ற ஆசிரியராயிருந்த கருல்லி, தம் பயிற்சி நூலில் கட்டைவிரலை ஆறாம் கம்பியில் அழுத்த வெளிப்படையாகவே இடங்கொடுத்தார். அதைத் தடைசெய்யும் ஆசிரியர்களோடு அவர் உடன்படவில்லை. சுரங்கள் மிகுந்து ஒலித்தால் இசை நிறையும், ஐந்தாம் விரலும் உதவட்டுமே என்பது அவர் கட்சி. சோர் 1830இல் தம் கித்தார் நூலை வெளியிட்டார். அது விரற்பயிற்சிகளின் தொகுப்பன்று. ஏன், எதற்கு என்று ஒவ்வோர் அசைவுக்கும் காரணம் கேட்கும் நூல். கழுத்தைக் கைக்குள் ஆழமாக வாங்கி, கட்டைவிரலில் பாதியை மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வாசிப்பாளரை அவர் பார்த்திருந்தார். அப்படிப் பிடித்தால் மற்ற விரல்களின் பயன்படும் நீளம் குறைகிறது, கீழ்க்கம்பிகளை எட்ட மணிக்கட்டை வலிந்து முறுக்க நேர்கிறது என்பது அவர் வாதம். கட்டைவிரல் கழுத்தின் முதுகில், மற்ற விரல்களுக்கு எதிரே, நடுவில் நிற்கட்டும். பியானோ வாசிப்பவரின் கைபோல விரல்கள் வளைந்து நேரே இறங்கட்டும் என்றார்.

இருவரில் யார் வென்றார்? நூறாண்டுத் தொலைவிலிருந்து பார்த்தால் சோர் வென்றார் என்றே சொல்லவேண்டும். ஆனால் அவருடைய வாதம் மட்டுமே அவரை வெல்லவைக்கவில்லை என்பது என் கருத்து. ஸ்பெயினின் அல்மேரியா ஊர்த் தச்சர் அந்தோனியோ தோரஸ் (1817–1892) கித்தாரின் உடலைப் பெரிதாக்கி, இன்றைய வடிவத்துக்கு அடிகோலினார். செவ்வியல் கித்தாரின் கழுத்து அகன்றது. இன்று அதன் அகலம் தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர்; எஃகுக்கம்பிக் கித்தாரில் ஏறத்தாழ 43. ஒன்பது மில்லிமீட்டர் என்பது கட்டைவிரலுக்கு ஒரு காத தூரம். அகன்ற கழுத்தில் மேலிருந்து ஆறாம் கம்பியை எட்டுவது பெரும்பாலார்க்கு இயலாது. எனவே தாரேகா (1852–1909) வழியாகவும், உலகமெல்லாம் சுற்றிய செகோவியா (1893–1987) வழியாகவும் பரவிய செவ்வியல் முறையில் சோரின் விரலே சட்டமாயிற்று. தச்சன் கழுத்தை அகலமாக்கியபோதே கருல்லியின் கட்டைவிரல் பாதி தோற்றுவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. சோரின் நண்பர் அகுவாதோ, கித்தாரைக் கை தாங்கவே வேண்டாம் என்று அதற்கு ஒரு முக்காலித் தாங்கி செய்தார். பின்வந்தோர் இடக்காலைச் சிறு மணையில் ஏற்றி, கித்தாரின் கழுத்தைத் தோளுயரத்துக்கு உயர்த்தினர். கழுத்து உயர்ந்தால் மணிக்கட்டு நேராகும். மணிக்கட்டு நேரானால் கட்டைவிரல் இயல்பாகவே முதுகில் போய் அமரும். ஆக, நூல்முறைக் கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு மணைக்கட்டையும் அகன்ற கழுத்தும் மெல்லிய நரம்பும் இருக்கின்றன. இம்மூன்றும் இல்லாதவனிடம் கட்டைவிரலை மட்டும் மாற்றச் சொல்வது எவ்வளவு நியாயம்?

நம் இசைமரபில் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். தஞ்சை இரகுநாத நாயக்கர் (ஆட்சி 1600–1634) காலத்தில் வீணைக்கு 24 மெட்டுகள் நிலைபெற்றன. வீணைக்காரர் சுட்டுவிரல், நடுவிரல் என இரண்டு விரல்களையே மெட்டில் அழுத்துகின்றனர். கருவியின் பாரம் மடியிலும் தரையிலும் இடத்தொடைமேல் சாயும் சுரைக்குடத்திலும் இறங்கிவிடுவதால், கட்டைவிரல் தண்டியின் ஓரத்தில் தோழமையாக ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் போதும். இதைவிட அழகிய சான்று பிடிலில் இருக்கிறது. பாலுசாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் ஐரோப்பியப் பிடில் நம் இசைக்குள் வந்தது. ஐரோப்பியர் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் இடையே அதைப் பிடித்தனர். நம்மவர் சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைப் பாதத்திலும் ஊன்றினர். கருவி உடலில் ஊன்றியதும் இடக்கை விடுதலை பெற்றது. கமகத்துக்காக மேலும் கீழும் வழுக்கி ஓடியது. வெள்ளைக்காரர் பிடிப்பது போலப் பிடிக்கவில்லையே என்று அன்று யாரேனும் கோபித்திருந்தால் நமக்கு வடிவேலுவும் இல்லை, பின்வந்த பிடில் மேதைகளும் இல்லை. இசைக்கேற்ப உடலும், உடலுக்கேற்பக் கருவியும் இடம் மாறுவது நம் மரபுக்குப் பழக்கமானதே.

மேற்கிலும் சோரின் சட்டம் கோயிலுக்குள் மட்டுமே செல்லுபடியாயிற்று. வீதியில் கருல்லி வாழ்ந்தார். அமெரிக்கக் கருப்பின மக்களின் புளூஸ் இசையிலும் நாட்டுப்புற இசையிலும் கட்டைவிரல் கழுத்துக்கு மேலேயே இருந்தது. கெந்தக்கியின் மெர்ல் டிராவிஸ் அதைக் கொண்டு கீழ்ச்சுரங்களை அழுத்தினார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் (1942–1970) அதை ஒரு கலையாகவே ஆக்கினார். அவர் இடக்கைப் பழக்கமுடையவர் ஆதலால் கழுத்தில் இருந்தது அவருடைய வலக்கை என்பது வேறு. ஆறாம் கம்பியைக் கட்டைவிரலிடம் ஒப்படைத்துவிட்டு, நான்கு விரல்களை இன்னிசைக்கு விடுவித்துக்கொண்டார். ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கதையோ நெஞ்சை உருக்குவது. 1928இல் வண்டிவீடு தீப்பற்றியதில் இடக்கையின் கடைசி இரு விரல்கள் முடங்கின. எஞ்சிய இரு விரல்களாலும் கட்டைவிரலாலும் அவர் ஐரோப்பாவின் தலைசிறந்த ஜாஸ் கித்தார் வித்துவானாக விளங்கினார். இரண்டு விரல் போதும் என்று வீணைக்காரர் அறிந்ததை அவர் தீயில் வெந்து அறிந்தார்.

இனி நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். 1976இல் அன்னக்கிளி வெளிவந்தது. இளையராஜா தாமே கித்தார் வாசிப்பவர். இலண்டன் டிரினிட்டி இசைக்கல்லூரியின் கித்தார்த் தேர்வில் தேறியவர். அவருடைய பாடல்களில் கித்தார் பின்னணியிலிருந்து முன்னணிக்கு வந்தது. 1982இல் பயணங்கள் முடிவதில்லை படத்தின் நிலவுப் பாட்டு வந்தபோது, அதன் கித்தார்த் தொடக்கத்தை வாசிக்கத் தெரிந்தவனே கித்தார்க்காரன் என்ற அளவுகோல் தோட்டங்களில் ஏற்பட்டது. மலாய்ப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் கோர்டுகளால் தாங்கிப் பழகிய கைக்கு இது புதிய சோதனை. கம்பி கம்பியாகச் சுரங்களைப் பிரித்து மீட்டவேண்டும். விரல்கள் அகன்று நீளவேண்டும். கட்டைவிரல் மேலேயே தொங்கினால் சுண்டுவிரல் எட்டாது. சோர் சொன்னது இவ்விடத்தில் நூற்றுக்கு நூறு உண்மை. பலர் தாமாகவே கட்டைவிரலைக் கீழிறக்கக் கற்றனர். சிலர் ஆசிரியரை நாடினர்.

எங்கள் லயத்து இளைஞர் ஒருவர் அவ்வாறு நாடியவர். காலையில் மரம் சீவி, மாலையில் ஒன்றேகால் மணிநேரம் பஸ்ஸில் போய், நகரத்து இசைப்பள்ளி ஒன்றில் பணம் கட்டிச் சேர்ந்தார். முதல் நாளே ஆசிரியர் அவருடைய இடக்கையைப் பார்த்து, “தம்பி, இது மண்வெட்டிக் காம்பு இல்லை” என்றாராம். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. மூன்றாம் வாரத்துக்குப் பின் இவர் போகவில்லை. வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கித்தாரை மாட்டினார். அது அங்கேயே இருந்தது. அவருடைய எஃப் மேஜரைப் போல நிறைவான ஒலியை அதற்குப் பின் நான் அதிகம் கேட்டதில்லை. ஆசிரியர் சொன்ன கருத்தில் பிழையில்லை. அவர் கையைப் பார்த்தார், கை வந்த வழியைப் பார்க்கவில்லை. என் குறை அதுதான். தோட்டத்துத் தமிழைக் கேட்டுச் சிரித்த அதே சிரிப்பைத்தான் அன்று தோட்டத்துக் கையும் பெற்றது.

உண்மையில் கவலைக்குரியது கட்டைவிரல் நிற்கும் இடமன்று, அது செலுத்தும் அழுத்தம். கம்பியைக் கீழே இறக்கத் தேவையான விசை சிறிது. மெட்டுக்கு நெருங்கிய பின்புறத்தில் விரலை வைத்தால் இன்னும் சிறிது. கையின் பாரமே அதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முற்றிலும் எடுத்துவிட்டும் ஒரு சுரத்தைத் தெளிவாக ஒலிக்கச் செய்யலாம். ஐயமுள்ளோர் செய்து பார்க்கலாம். ஆனால் நாளெல்லாம் கத்தியையும் காண்டாக் கயிற்றையும் பற்றிய கைக்குப் பற்றுதல் என்றால் இறுக்குதல் என்றே பொருள். வளைந்த காப்போக் கழுத்து அதை மேலும் இறுக்கச் சொல்லும். மணிக்கட்டு வளைந்த நிலையில் இவ்வாறு நெடுநேரம் இறுக்கினால், மணிக்கட்டின் ஒடுங்கிய வழியில் செல்லும் நரம்பு நெருக்குண்டு, கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் மரத்துப்போகும். மரம் சீவுவோர்க்கு அக்கையே சோறு. இளைப்பாற எடுத்த கருவி சோற்றுக்கையைக் கெடுத்துவிடக் கூடாது. எனவே நல்லாசிரியர் முதலில் கம்பியைத் தணித்து, கழுத்தை நிமிர்த்தி, ஒரு வாரை மாட்டிக் கொடுத்திருப்பார். கட்டைவிரலைப் பற்றிப் பிறகு பேசியிருப்பார்.

இக்கித்தார்கள் ஒலித்த தோட்டங்களும் அக்காலத்தில் அசைந்துகொண்டிருந்தன. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்க, அவை துண்டு துண்டாயின. உங்கு அசிஸ் அத்துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962இல் வெளிவந்தது. 1969இல் குடியுரிமையற்றோர்க்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாயிற்று. சிவப்புக் கார்டு வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். பின்னர்ப் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக் குலையை நீண்ட கழியின் நுனியிலுள்ள அரிவாளால் அறுப்பவன் கை, சீவும் கையன்று. சிரம்பானையும் நீலாயையும் சுற்றியிருந்த நிலங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயத்து மக்கள் தாமான்களுக்கும் தொடர்வீடுகளுக்கும் சிதறினர். ஒருவன் வாசலில் உட்கார்ந்து வாசித்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்ளும் அஞ்சடி அத்தோடு போயிற்று. எதிரில் அமர்ந்து அண்ணன்மார் கையைப் பார்த்தே பாடம் பிடித்த கல்விமுறையும் அத்தோடு தளர்ந்தது.

இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் நகரத்தில் தேர்வுமுறையில் கித்தார் படிக்கின்றனர். நைலான் நரம்பு, அகன்ற கழுத்து, காலடியில் மணை. கட்டைவிரல் சோர் சொன்ன இடத்தில் ஒழுங்காக நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பாட்டுக்கும் கோயில் பஜனைக்கும் இவர்களோடு சேர்ந்து வாசிக்கும் பெரியவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கின்றனர். அவர்களின் கட்டைவிரல் கழுத்துக்கு மேலே தெரியும். பாட்டு எஃப் மேஜருக்குத் திரும்பும் இடத்தில் பிள்ளைகள் சுட்டுவிரலைக் குறுக்கே கிடத்துவர். பெரியவர் கட்டைவிரலை வளைத்து ஆறாம் கம்பியை அழுத்துவார். ஒலிக்கும் ஆறு சுரங்களும் இருவரிடமும் ஒன்றே.